குறு உளநிலைச் சோதனை

குறு உளநிலைச் சோதனை என்பது ஒருவருடைய அறிதிறனில் குறைபாடு ஏற்பட்டுள்ளதா என்பதைச் சில நிமிடங்களில் ஆராய்ந்து பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வினாத்தொகுதி ஆகும். ஆங்கிலத்தில் இது மினி மென்டல் ஸ்டேட் எக்சாமினேசன் என்றும், சுருக்கமாக எம்.எம்.எஸ்.இ. என்றும் அழைக்கப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களான மார்சல் ஃபோல்சுடைன், சூசன் ஃபோல்சுடைன், பால் மெக்கியூ ஆகிய மூவரும் இதனை 1975-ஆம் ஆண்டு வெளியிட்டனர். காலம், இடம் பற்றிய உணர்வு, நினைவாற்றல், கவனம், மொழி, படம் வரைதல் ஆகியவற்றைத் தொட்டுச் செல்லும் இச்சோதனையின் மொத்த மதிப்பெண் 30 ஆகும். இதை நடத்த 5 முதல் 10 நிமிடங்கள் தேவைப்படும்.

இச்சோதனை எந்த ஒரு நோயையும் உறுதிப்படுத்துவது அன்று. யாரை மேலும் ஆராய வேண்டும் என்று பிரித்துக் காட்டும் முதல்நிலைச் சோதனை மட்டுமே ஆகும். குறைந்த மதிப்பெண்ணுக்கு மறதிநோய் ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளிக்குச் செல்லாமை, செவித்திறன் குறைவு, மனச்சோர்வு, வினாக்களின் மொழி ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கருதாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால் விளையும் தீங்கு, இச்சோதனையின் வரலாறு முழுவதும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

பெயர் விளக்கம்

உளநிலைச் சோதனை என்பது மனநல மருத்துவர் ஒரு நோயாளியிடம் செய்யும் முழுமையான ஆய்வைக் குறிக்கும். நோயாளியின் தோற்றம், பேச்சு, மனவெழுச்சி, எண்ண ஓட்டம், மாயத்தோற்றங்கள் முதலிய அனைத்தும் அதில் அடங்கும். இச்சோதனை அவற்றுள் அறிதிறன் என்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மனவெழுச்சி, இயல்பு மாறிய மன அனுபவங்கள், எண்ணத்தின் வடிவம் ஆகியவை பற்றிய வினாக்கள் இதில் இல்லை. இக்காரணத்தாலேயே இதற்கு 'குறு' என்னும் அடைமொழி அமைந்தது.

வரலாறு

முன்னோடிகள்

நோயாளியிடம் எளிய வினாக்களைக் கேட்டு அவருடைய அறிவுநிலையை அறியும் வழக்கம் மிகவும் பழமையானது. செருமனியின் பிராங்க்ஃபுர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணியை ஆலோயிசு ஆல்சைமர் ஆய்வு செய்தார். அவருடைய பெயர், கணவரின் பெயர், இருக்கும் இடம் ஆகியவற்றை ஆல்சைமர் கேட்டார். சில பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார். எழுதவும் கணக்குப் போடவும் சொன்னார். கேள்விகளையும் விடைகளையும் அப்படியே குறித்து வைத்தார். காட்டிய பொருள்களின் பெயரை அப்பெண்மணி சரியாகச் சொன்னார். ஆனால் சற்று நேரத்தில் தமக்கு என்ன காட்டப்பட்டது என்பதையே மறந்திருந்தார். பிற்காலத்தில் ஆல்சைமர் நோய் எனப் பெயர் பெற்ற நோயின் முதல் நோயாளி இவரே ஆவார். ஆல்சைமரின் கைக்குறிப்புகள் அடங்கிய கோப்பு 1995-ஆம் ஆண்டு மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தகைய வினாக்களை ஒழுங்குபடுத்தி மதிப்பெண் வழங்கும் முயற்சிகள் தொடங்கின. 1960-இல் அமெரிக்காவில் ராபர்ட் கான் குழுவினர் 10 வினாக்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டனர். 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சேர்ந்த பிளெசுடு, டாம்லின்சன், ராத் ஆகியோர் முக்கியமான ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதியவர்கள் உயிருடன் இருந்தபோது பெற்ற மதிப்பெண்களை, அவர்கள் இறந்த பின் மூளையில் எண்ணப்பட்ட படிமத் திட்டுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதை இவர்கள் காட்டினர். வாய்மொழியாகக் கேட்கப்படும் எளிய வினாக்கள் மூளையில் நிகழும் மாற்றத்தையும் பிரதிபலிக்கின்றன என்பதற்கு இது ஒரு சான்றாக அமைந்தது. இதே மரபில் 1972-இல் ஆட்கின்சன் வெளியிட்ட 10 வினாச் சோதனை பிரித்தானிய மருத்துவமனைகளில் பரவியது. முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டும், ஆட்சியில் உள்ள அரசரின் பெயரும் அதில் கேட்கப்பட்டன.

1975-ஆம் ஆண்டு வெளியீடு

அறிதிறனை அளக்க அக்காலத்தில் இருந்த விரிவான உளவியல் சோதனைகள் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டன. மறதிநோய் கொண்ட முதியவர்களால் சில நிமிடங்களுக்கு மேல் ஒத்துழைக்க இயலுவதில்லை. படுக்கை அருகிலேயே நடத்தி முடிக்கக்கூடிய, எண்ணால் மதிப்பிடக்கூடிய ஒரு முறையின் தேவை இதிலிருந்து எழுந்தது.

முதல் ஆய்வில் 206 நோயாளிகளும் நலமாக உள்ள 63 பேரும் சோதிக்கப்பட்டனர். நலமாக உள்ளவர்களின் சராசரி மதிப்பெண் 27.6 ஆகவும், மறதிநோய் கொண்டவர்களின் சராசரி 9.7 ஆகவும் இருந்தன. மனச்சோர்வுடன் அறிதிறன் குறைவும் கொண்டவர்கள் சராசரியாக 19.0 பெற்றனர். மனச்சோர்வாலும் மதிப்பெண் குறையக்கூடும் என்பது முதல் கட்டுரையிலேயே பதிவாகிவிட்டது.

சோதனையின் அமைப்பு

மொத்தம் 30 மதிப்பெண்கள் பின்வருமாறு பிரிக்கப்பட்டுள்ளன.

- கால உணர்வு - 5 மதிப்பெண்கள். ஆண்டு, பருவம், மாதம், தேதி, கிழமை ஆகியன கேட்கப்படும்.
- இட உணர்வு - 5 மதிப்பெண்கள். மாநிலம், மாவட்டம், ஊர், கட்டடம், தளம் ஆகியன கேட்கப்படும்.
- உள்வாங்கல் - 3 மதிப்பெண்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பொருள்களின் பெயர்கள் சொல்லப்படும். நோயாளி அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
- கவனமும் கணக்கும் - 5 மதிப்பெண்கள். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து 93, 86, 79, 72, 65 என ஐந்து முறை சொல்ல வேண்டும். இதற்கு மாற்றாக ஐந்து எழுத்துகள் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை பின்னோக்கிச் சொல்லலாம்.
- மீட்டுரைத்தல் - 3 மதிப்பெண்கள். முன்னர் சொல்லப்பட்ட மூன்று பெயர்களையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டும்.
- பெயர் கூறல் - 2 மதிப்பெண்கள். பென்சில், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் காட்டிப் பெயர் கேட்கப்படும்.
- திருப்பிச் சொல்லல் - 1 மதிப்பெண். ஒரு குறுந்தொடரைச் சொல்லக் கேட்டு அப்படியே சொல்ல வேண்டும்.
- மூன்று படிக் கட்டளை - 3 மதிப்பெண்கள். ஒரு தாளை வலக்கையில் வாங்கி, இரண்டாக மடித்து, கீழே வைக்க வேண்டும்.
- படித்துச் செய்தல் - 1 மதிப்பெண். கண்களை மூடும்படி எழுதியிருப்பதைப் படித்து அவ்வாறே செய்ய வேண்டும்.
- எழுதுதல் - 1 மதிப்பெண். நோயாளி தாமாகவே ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும்.
- படம் வரைதல் - 1 மதிப்பெண். ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும்.

உள்வாங்கலுக்கும் மீட்டுரைத்தலுக்கும் இடையே கழித்தல் கணக்கு வைக்கப்பட்டிருப்பது தற்செயலானது அன்று. மனம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போது அந்த மூன்று பெயர்களும் நினைவில் தங்குகின்றனவா என்பதையே இப்பகுதி சோதிக்கிறது. ஆல்சைமர் நோயின் தொடக்க நிலையில் பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது இத்திறனே ஆகும். பெயர்களைக் கேட்டவுடன் சொல்லிவிட்டு, சில நிமிடங்களில் மூன்றையும் மறந்துவிடுபவர் மூன்று மதிப்பெண்களை மட்டுமே இழப்பார். எனவே மொத்த மதிப்பெண்ணுடன், அது எந்தப் பகுதியில் குறைந்தது என்பதையும் மருத்துவர் கவனிக்க வேண்டும்.

மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ளல்

வெட்டுப்புள்ளி

பொதுவாக 24-க்குக் குறைவான மதிப்பெண் பெறுபவர்கள் மேலும் ஆராயப்பட வேண்டியவர்களாகக் கருதப்படுகின்றனர். இந்த எல்லை வெட்டுப்புள்ளி எனப்படும். சிகிச்சை பெறாத ஆல்சைமர் நோயாளிகளிடம் மதிப்பெண் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 3 அளவில் குறைகிறது. ஆனால் இது ஒருவருக்கு ஒருவர் பெரிதும் மாறுபடும்.

கல்வியின் தாக்கம்

அமெரிக்காவில் 18,056 பேரிடம் பெறப்பட்ட மதிப்பெண்களைக் கொண்டு 1993-இல் வெளியான ஆய்வு, வயதும் பள்ளிக்கல்வியும் மதிப்பெண்ணை எந்த அளவுக்கு மாற்றுகின்றன என்பதைக் காட்டியது. 9 ஆண்டுகளோ அதற்கு மேலோ பள்ளியில் படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29 ஆகும். 5 முதல் 8 ஆண்டுகள் படித்தவர்களுக்கு அது 26 ஆகவும், 4 ஆண்டுகள் வரை மட்டுமே படித்தவர்களுக்கு 22 ஆகவும் இருந்தது.

இறுதி எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். இடைநிலை 22 என்றால் அப்பிரிவினருள் குறைந்தது பாதிப் பேர் 22 அல்லது அதற்குக் குறைவாகப் பெற்றுள்ளனர். அவர்கள் அனைவரும் 24 என்ற வெட்டுப்புள்ளிக்குக் கீழே வருகின்றனர். அதாவது ஒரே எல்லையை எல்லோருக்கும் பயன்படுத்தினால், குறைவாகப் படித்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 'குறைபாடு உடையவர்' என்று பிரிக்கப்படுவர்.

இதன் மறுபக்கமும் உண்டு. பல ஆண்டுகள் கற்பித்தலிலோ கணக்கியலிலோ ஈடுபட்டிருந்த ஒருவருக்கு இச்சோதனை மிக எளிதானது. அவருடைய நினைவாற்றல் முன்பு இருந்ததைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்த பின்னரும் அவர் 28 பெறக்கூடும். இது உச்சவரம்பு விளைவு எனப்படுகிறது. குடும்பத்தினர் கவலை தெரிவித்தும், மதிப்பெண் நன்றாக உள்ளது என்று சொல்லித் திருப்பி அனுப்புவது இதனால் நேரும் பிழையாகும்.

மதிப்பெண்ணில் கல்விக்கு ஏற்பத் திருத்தம் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் கூற இயலாது. குறைந்த கல்வி, மறதிநோய்க்கான இடர்க் காரணிகளுள் ஒன்றாகவும் உள்ளது. 2024-இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 இடர்க் காரணிகளுள் குறைந்த கல்வி, செவித்திறன் இழப்பு, பார்வை இழப்பு ஆகிய மூன்றும் அடங்கும். இம்மூன்றும் சோதனை மதிப்பெண்ணையும் நேரடியாகக் குறைக்கக்கூடியவை. ஆகவே, திருத்தம் செய்யாவிட்டால் நலமானவர் நோயாளி ஆக்கப்படுவார்; அளவுக்கு மீறித் திருத்தினால் உண்மையான நோயாளி விடுபட்டுப் போவார்.

துல்லியம்

ஒரு முதல்நிலைச் சோதனையின் தரம் இரண்டு அளவுகளால் குறிக்கப்படுகிறது. நோய் உள்ளவர்களுள் எத்தனை விழுக்காட்டினரைச் சோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது உணர்திறன் ஆகும். நோய் இல்லாதவர்களுள் எத்தனை விழுக்காட்டினரை அது சரியாக விட்டுவிடுகிறது என்பது தனித்திறன் ஆகும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான காக்ரேன் மீளாய்வின்படி, பொது மக்களிடையே 24 என்ற வெட்டுப்புள்ளியில் இச்சோதனையின் உணர்திறன் 85 விழுக்காடும் தனித்திறன் 90 விழுக்காடும் ஆகும்.

இந்த எண்கள் மிக நல்லவையாகத் தோன்றினாலும், சோதிக்கப்படுபவர்கள் யார் என்பதைப் பொறுத்து இவற்றின் பொருள் மாறுகிறது. கீழ்க்காணும் இரு கணக்குகள் இதனை விளக்கும்.

ஓர் ஊரில் முதியவர்கள் 1,000 பேர் இருப்பதாகவும், அவர்களுள் 60 பேருக்கு மறதிநோய் இருப்பதாகவும் கொள்வோம். அனைவரையும் சோதித்தால் நோயுள்ள 60 பேரில் 51 பேர் பிடிபடுவர். 9 பேர் தப்பிவிடுவர். நோயில்லாத 940 பேரில் 846 பேர் சரியாக விடப்படுவர்; 94 பேர் தவறாகக் குறிக்கப்படுவர். ஆக, குறைந்த மதிப்பெண் பெற்ற 145 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 51 பேர் மட்டுமே. இது ஏறத்தாழ 35 விழுக்காடு ஆகும்.

அதே சோதனையை, மறதி பற்றிய புகாருடன் வந்த 1,000 பேரிடம் நடத்துவதாகவும், அவர்களுள் 500 பேருக்கு நோய் இருப்பதாகவும், சோதனையின் இரு அளவுகளும் மாறவில்லை என்றும் கொள்வோம். நோயுள்ளவர்களில் 425 பேர் பிடிபடுவர். நோயில்லாதவர்களில் 50 பேர் தவறாகக் குறிக்கப்படுவர். இப்போது குறைந்த மதிப்பெண் பெற்ற 475 பேரில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினருக்கு உண்மையாகவே நோய் உள்ளது.

இரு இடங்களிலும் வினாக்களும் வெட்டுப்புள்ளியும் ஒன்றே. ஆயினும் முதல் இடத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு நோய் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அறிகுறி அற்றவர்களைச் சோதித்தல்

மேற்கண்ட கணக்கின் காரணமாக, அறிகுறி ஏதும் இல்லாத முதியவர்கள் அனைவரையும் சோதிப்பது பயன் தருமா என்பது விவாதத்துக்கு உரியது. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2014-இலும் மீண்டும் 2020-இலும் இதனை ஆராய்ந்து, நன்மை தீமைகளை ஒப்பிடுவதற்குப் போதிய சான்று இல்லை என அறிவித்தது. அறிகுறிகள் தென்படும்போதோ, குடும்பத்தினர் கவலை தெரிவிக்கும்போதோ சோதிப்பது இதிலிருந்து வேறுபட்டது. இப்பரிந்துரை அதனைக் கட்டுப்படுத்தாது.

தவறாகக் குறிக்கப்பட்டவருக்கு நேரும் அச்சம், வேலை அல்லது வாகன உரிமம் பற்றிய சிக்கல், குடும்பத்தில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்புக் குறைதல் ஆகியவை தீமைகளாகும். மறுபுறம், நோய் முன்னதாகவே தெரிய வந்தால் சொத்து, சிகிச்சை, பராமரிப்பு ஆகியவை குறித்து அவரே முடிவெடுக்க இயலும் என்பது நன்மையாகும்.

மதிப்பெண்ணைக் குறைக்கும் பிற காரணங்கள்

குறைந்த மதிப்பெண் பெற்ற ஒருவரிடம் பின்வருவன உள்ளனவா என்று மருத்துவர் ஆராய வேண்டும். இவற்றுள் பல, சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை.

- மனச்சோர்வு. ஊக்கமின்மையால் நோயாளி விடை தேட முயலாமல் தெரியாது என்று சொல்லிவிடலாம்.
- டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். தொற்று, நீரிழப்பு, அறுவை சிகிச்சை, மருந்துகள் முதலியவற்றால் சில மணி அல்லது சில நாட்களில் தோன்றுவது. இதற்கு உடனடி மருத்துவ உதவி தேவை.
- தைராய்டுச் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு.
- தலையில் அடிபட்டதால் மூளை உறையின் கீழ் ஏற்படும் குருதிக்கட்டு.
- தூக்க மருந்துகள், வேறு சில மருந்துகளின் பக்கவிளைவு.
- செவித்திறன், பார்வைத்திறன் குறைவு. வினா காதில் விழாததாலோ படம் கண்ணுக்குத் தெரியாததாலோ தவறும் விடை, அறிதிறன் குறைவு ஆகாது.

எனவே சோதனையைத் தொடங்கும் முன் நோயாளி தம் மூக்குக்கண்ணாடியையும் செவித்துணைக் கருவியையும் அணிந்துள்ளாரா எனப் பார்ப்பது அவசியமாகும்.

மொழியும் பண்பாடும்

இச்சோதனை ஆங்கிலம் பேசும், பள்ளிக்குச் சென்ற, நகர மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. வேறு மொழிகளுக்குச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் சோதனையின் கடினம் மாறிவிடுகிறது.

தமிழை எடுத்துக்கொண்டால் இதனை எளிதில் உணரலாம். ஆங்கிலப் பள்ளிகளில் சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்வது ஒரு பயிற்சி. அதனால் ஐந்தெழுத்துச் சொல்லைப் பின்னோக்கிச் சொல்வது அங்குக் கவனத்தைச் சோதிக்கும் வினாவாகிறது. உயிர்மெய் எழுத்துகளைக் கொண்ட தமிழில் அத்தகைய பழக்கம் இல்லை. மேலும் 'உலகம்' என்று மொழிபெயர்த்தால் நான்கு எழுத்துகளே உள்ளன. ஐந்து மதிப்பெண்களைப் பிரிக்க வழியில்லை. பருவம் பற்றிய வினாவும் இத்தகையதே. நான்கு பருவங்கள் என்பது மிதவெப்ப நாடுகளின் வழக்கம். தமிழ் இலக்கணம் பெரும்பொழுதுகளை ஆறாகப் பகுக்கிறது. பேச்சு வழக்கில் வெயில் காலம், மழைக் காலம், பனிக் காலம் என்பர். தேதி கேட்டால் கிராமத்து முதியவர் ஒருவர் ஆடி மாதம் 15 என்று தமிழ் நாட்காட்டியின்படி விடை கூறலாம். அது சூலை மாத இறுதியைச் சரியாகக் குறிக்கும் விடையாகும். விடைத்தாளில் உள்ள ஆங்கில மாதத்தை மட்டும் பார்ப்பவர் அதற்கு மதிப்பெண் தரமாட்டார். ஓட்டு வீட்டின் திண்ணையில் அமர்ந்திருப்பவரிடம் எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று கேட்பதும் பொருத்தமற்றது.

இந்தி வடிவம்

அரியானா மாநிலம் பல்லப்கர் பகுதியில் நடைபெற்ற இந்திய-அமெரிக்கக் கூட்டாய்வுக்காக மேரி கங்குலி குழுவினர் இந்தி உளநிலைச் சோதனையை உருவாக்கி 1995-இல் வெளியிட்டனர். அங்கிருந்த முதியவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எனவே படித்துச் செய்யும் வினாவுக்கு மாற்றாக, ஆய்வாளர் கண்களை மூடிக் காட்ட அதைப் பார்த்துச் செய்யும் வினா வைக்கப்பட்டது. வாக்கியம் எழுதுவதற்கு மாற்றாக, தம் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும்படி கேட்கப்பட்டது. வினா மாறினாலும் சோதிக்கப்படும் திறன் மாறாமல் இருப்பதே இங்கு நோக்கம். இவ்வடிவம் பின்னர் இந்தியாவின் பல ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டது.

10/66 ஆய்வுக் குழு

மறதிநோய் குறித்த மக்கள்தொகை ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே, நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வாழும் வளரும் நாடுகளில் நடத்தப்பட்டன என்பதைச் சுட்டும் வகையில் இக்குழுவுக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. இக்குழு 1998-இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் உருவானது. தமிழ்நாட்டில் சென்னை நகரமும் வேலூர் மாவட்டக் கிராமங்களும் இதன் ஆய்வுக் களங்களாக இருந்தன.

இக்குழு நோயாளியிடம் மட்டுமன்றி, அவரை நன்கு அறிந்த உறவினரிடமும் வினாக்களைக் கேட்டது. ஒருவர் இப்போது என்ன மதிப்பெண் பெறுகிறார் என்பதைவிட, முன்பு செய்த எவற்றை இப்போது செய்ய இயலவில்லை என்பது நோயைக் காட்டும் சிறந்த குறியாக இருக்கக்கூடும் என்பதே இதன் அடிப்படை. 65 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு 2008-இல் வெளியான முடிவுகள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அளவுகோலின்படி இந்தியக் கிராமப்புறக் களத்தில் மறதிநோய் 0.3 விழுக்காடு மட்டுமே காணப்பட்டது. கியூபாவில் அது 6.3 விழுக்காடு. 10/66 குழுவின் அளவுகோலைப் பயன்படுத்தியபோது எல்லாக் களங்களின் முடிவுகளும் 5.6 முதல் 11.7 விழுக்காட்டுக்குள் அமைந்தன. அளவுகோலை மாற்றியவுடன், ஏறக்குறைய நோயே இல்லாதது போலத் தோன்றிய கிராமங்களில் நோயாளிகள் கண்ணுக்குத் தெரிந்தனர். முதியவரின் மறதியை வயதின் இயல்பு எனக் குடும்பத்தினர் ஏற்றுக்கொள்வதும், வீட்டு வேலைகளைப் பிறர் செய்துவிடுவதால் அவருடைய இயலாமை வெளிப்படாமல் இருப்பதும் இத்தகைய வேறுபாட்டுக்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இங்கிலாந்து வழக்கு

ஒரு சோதனை மதிப்பெண் மருந்து பெறும் உரிமையைத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை சென்றது. அந்நாட்டின் பொது மருத்துவச் சேவையில் எந்த மருந்துகளை வழங்கலாம் எனப் பரிந்துரைக்கும் நைசு என்னும் அமைப்பு, 2006-ஆம் ஆண்டு நவம்பரில் டோனெப்பெசில் முதலிய ஆல்சைமர் மருந்துகளை மிதமான நிலை நோயாளிகளுக்கு மட்டும் வழங்கலாம் என அறிவித்தது. மிதமான நிலை என்பது இச்சோதனையில் 10 முதல் 20 வரை மதிப்பெண் பெறுவதாக வரையறுக்கப்பட்டது.

டோனெப்பெசில் மருந்தை உருவாக்கிய எய்சாய் நிறுவனம் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ஆல்சைமர் சங்கமும் அதில் பங்கேற்றது. 2007-ஆம் ஆண்டு ஆகத்து மாதம் நீதிபதி லின்டா டாப்சு அளித்த தீர்ப்பில் வழக்கின் பெரும்பாலான வாதங்கள் ஏற்கப்படவில்லை. ஆனால் ஒரு வாதம் ஏற்கப்பட்டது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கும் இந்த மதிப்பெண் சரியான அளவாக அமையாது என்பதைக் கருதாமல் வழிகாட்டுதல் வகுக்கப்பட்டது பாகுபாடு ஆகும் என நீதிமன்றம் கூறியது. இதன்பின், அத்தகைய நோயாளிகளிடம் மருத்துவர்கள் மதிப்பெண்ணை மட்டுமே நம்பக்கூடாது என வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. 2011-இல் தொடக்க நிலை நோயாளிகளுக்கும் இம்மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன.

மதிப்பெண் எல்லைகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. எடுத்துக்காட்டாக, லெக்கனெமாப் என்னும் புதிய மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வில் 22 முதல் 30 வரை மதிப்பெண் பெற்றவர்களே சேர்க்கப்பட்டனர்.

பதிப்புரிமை

வெளியான பின் கால் நூற்றாண்டுக் காலம் இச்சோதனை தடையின்றிப் படியெடுக்கப்பட்டுப் பாடநூல்களிலும் மருத்துவக் கையேடுகளிலும் இடம்பெற்றது. 2000-ஆம் ஆண்டு முதல் ஆசிரியர்கள் தங்கள் பதிப்புரிமையை நிலைநாட்டத் தொடங்கினர். 2001-இல் சைக்கலாஜிக்கல் அசெசுமென்ட் ரிசோர்சசு நிறுவனம் தனியுரிமம் பெற்றது. 2010-இல் இதன் இரண்டாம் பதிப்பு வெளியானது.

ஆர்வர்டு ஆய்வாளர்கள் 16 வினாக்கள் கொண்ட, கட்டணமற்ற மாற்றுச் சோதனை ஒன்றை 2011-இல் வெளியிட்டனர். பதிப்புரிமைக் கோரிக்கை காரணமாக அது இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. படுக்கை அருகே கேட்கப்படும் எளிய வினாக்களுக்கு உரிமை கோரலாமா என்ற விவாதம் அதே ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இடம்பெற்றது.

பிற சோதனைகள்

- மாண்ட்ரியால் அறிதிறன் மதிப்பீடு. கனடாவின் சியாட் நசுரெத்தீன் உருவாக்கி 2005-இல் வெளியிட்டது. இதற்கும் 30 மதிப்பெண்களே. திட்டமிடல் திறனையும் சோதிப்பதால், தொடக்க நிலைக் குறைபாட்டை இது நன்கு காட்டுகிறது. முதல் ஆய்வில் 26-க்குக் குறைவானது கவனிக்கத்தக்கதாகக் கொள்ளப்பட்டது. 12 ஆண்டுகளோ குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டப்படும். 2018-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் எழுதி 30 பெற்றதாக அவருடைய மருத்துவர் அறிவித்தது இச்சோதனையே.
- மினி-காக். சூ போர்சன் குழுவினர் 2000-இல் வெளியிட்டது. மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு, இடையில் கடிகார முகம் ஒன்றை வரைய வேண்டும். ஏறத்தாழ 3 நிமிடங்களில் முடிந்துவிடும்.
- ரோலண்டு பொது மறதிநோய் மதிப்பீடு. பல மொழியினர் வாழும் ஆத்திரேலியாவின் சிட்னியில் உருவாகி 2004-இல் வெளியானது. கடையில் வாங்க வேண்டிய பொருள்களை நினைவில் கொள்ளல், சாலையைப் பாதுகாப்பாகக் கடப்பது எப்படி என விளக்கல் முதலிய அன்றாட வாழ்க்கை வினாக்களைக் கொண்டது. மொழி, கல்வி ஆகியவற்றின் தாக்கம் இதில் குறைவு.

இந்தியாவில் முக்கியத்துவம்

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. உலக அளவில் இவ்வெண்ணிக்கை 2021-இல் 5 கோடியே 70 இலட்சம் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. நரம்பியல், மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருப்பதால், செவிலியரோ நலவாழ்வுப் பணியாளரோ நடத்தக்கூடிய குறுஞ்சோதனைகள் இங்கு இன்றியமையாதவை ஆகின்றன.

சோதனைக்குப் பின்

குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு அடுத்த படி, உறவினரிடம் விவரம் கேட்டறிதல், உடற்பரிசோதனை, குருதிப் பரிசோதனை, தேவைப்படின் மூளையின் படப் பதிவு, விரிவான உளவியல் சோதனை ஆகியவை ஆகும். இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த பின்னரே மறதிநோய் உள்ளதா, அது எவ்வகையைச் சேர்ந்தது என்று மருத்துவர் முடிவு செய்ய இயலும். ஐயம் எழும்போது சில மாதங்கள் கழித்து அதே சோதனையை மீண்டும் நடத்தி ஒப்பிடுவது வழக்கம். ஒருவருடைய இன்றைய மதிப்பெண்ணைப் பிறருடைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதைவிட, அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதில் கல்வி, மொழி ஆகியவற்றால் நேரும் பிழை குறைவு.